பந்துக்கு முன்னால் போனவன்

வெள்ளிக்கிழமைக்குள் நான் ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். இன்று செவ்வாய். படிவம் மேசைமேல் கிடக்கிறது. அது கண்ணில் படாமலிருக்க, அதன்மேலேயே தாளை வைத்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

படிவம் என் மகள் ஹரிணியுடையது. அவளுக்குப் பதினேழு வயது. நூறு மீட்டர் ஓட்டத்தில் மாவட்டத்தில் முதலாவதாக வருகிறவள். வெளிமாநிலத்துப் பெண்கள் கால்பந்துக் கிளப் ஒன்று அவளை இரண்டு வருட ஒப்பந்தத்துக்குக் கூப்பிட்டிருக்கிறது. பதினெட்டு நிறையவில்லை என்பதால் தகப்பன் கையெழுத்து வேண்டுமாம். தகப்பனுக்கோ இரண்டு வாரமாகக் கை நடுங்குகிறது. ஏன் என்பது கடைசியில் வரும்.

விளையாட்டுச் சங்கத்துத் தம்பிகள் இந்த மலருக்கு எழுதச் சொல்லி ஆறு மாதமாகிறது. மைதானத்து மண் தடத்தைப் பெயர்த்துவிட்டு ரப்பர் தடம் போடுகிறார்கள். திறப்பு விழாவுக்கு மலர். ஓட்டத்திலும் கால்பந்திலும் சம்பாதித்துச் சாப்பிட்ட ஆள் இந்தப் பக்கத்தில் நான் ஒருவன்தான் என்பதால் என் அனுபவம் கட்டாயம் வேண்டும் என்றார்கள். முழங்கால் வலி என்று ஒவ்வொரு மாதமும் தள்ளிப்போட்டேன். எழுதுவதற்கு முழங்கால் எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. அவ்வளவு மரியாதையான பிள்ளைகள்.

இப்போது எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் மலர் அல்ல, படிவம். கையெழுத்துப் போடுவதற்கு முன் நினைத்துப் பார்க்க வேண்டியதையெல்லாம் ஒருமுறை எழுதிப் பார்த்துவிடலாம் என்று தோன்றியது.

நான் பிறந்தது பண்ணைப்புரத்தில். எங்கள் பள்ளத்தாக்கின் ஆடிக் காற்றைப் பற்றி உள்ளூர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மேற்கே மலை இடுக்கில் நுழைந்து வரும் அந்தக் காற்று, இரண்டு மாதத்துக்கு ஒரே திசையில் அடிக்கும். இன்று காற்றாலைகள் அதை நம்பி நிற்கின்றன. அன்று நான் நின்றேன். எங்கள் பள்ளி மைதானம் கிழக்கு மேற்காக நீண்டது. மேற்கிலிருந்து கிழக்கே நான் ஓடினால் உடற்பயிற்சி வாத்தியார் தன் நிறுத்தற்கடிகாரத்தை ஒருமுறை தட்டிப் பார்ப்பார். அந்தக் கடிகாரத்தின்படி அந்த ஆடி மாதம் முழுக்க நான் உலகத்தின் முதல் பத்து பேரில் ஒருவன். ஐப்பசியில் மதுரைப் போட்டிக்குப் போனோம். காற்று என்னோடு வரவில்லை. ஐந்தாவதாக வந்தேன்.

அதற்குப் பிறகு வாத்தியார் என்னைக் கிழக்கிலிருந்து மேற்கே ஓடவிட்டார். இரண்டு வருடம் காற்றுக்கு எதிராக, வாயெல்லாம் புழுதியாக ஓடினேன். என் பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அவ்வளவுதான் இருக்கிறது, ஒன்றைத் தவிர.

வாத்தியாரிடம் ஒரே ஒரு சட்டம்தான் உண்டு: "திரும்பிப் பாத்தா தோத்த." நாங்கள் ஓடும்போது பின்னாலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிடுவார், தகரத்தைத் தட்டுவார், விசிலடிப்பார். திரும்பிப் பார்த்தவன் மைதானத்தை இன்னும் நான்கு சுற்று சுற்ற வேண்டும். ஒருநாள் பின்னாலிருந்து, "ஏலே, மாடு வருதுடா" என்று கத்தினார். மற்ற மூன்று பேரும் திரும்பிப் பார்த்துவிட்டுப் பக்கவாட்டில் சிதறினார்கள். சோதனைதான் வைக்கிறார் என்று நான் நேராக ஓடினேன். அது சோதனை இல்லை, மாடு. கோட்டைத் தாண்டி, மைதானத்தைத் தாண்டி, தென்னந்தோப்புக்குள் போய்த்தான் நின்றேன். திரும்பி வந்தபோது வாத்தியார் கடிகாரத்தைக் காட்டி, இதுதான் இதுவரை உன் நல்ல நேரம் என்றார்.

அந்தச் சட்டம் எனக்கு மாநிலத் தங்கத்தை அடுத்தடுத்து இரண்டு வருடம் வாங்கித் தந்தது. பரிசாகக் கொடுத்த சுவர்க்கடிகாரம் இப்போது குடியிருக்கும் பழனிசெட்டிபட்டி வீட்டில் இன்னும் ஓடுகிறது. நான்தான் நின்றுவிட்டேன்.

கால்பந்து வந்த கதை வேறு. இரண்டாவது தங்கத்தைக் காட்டுவதற்காகக் கம்பத்தில் இருந்த அக்காள் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். வழியில் பேருந்து நின்றபோது இறங்கி டீ குடித்தேன். டீ பாதியில் இருக்கும்போதே பேருந்து கிளம்பிவிட்டது. சான்றிதழும் பதக்கமும் இருந்த பை இருக்கையில். டம்ளரைக் கையில் பிடித்தபடியே ஓடினேன். கடைத்தெரு முழுக்க ஓடி, வளைவில் பேருந்து வேகம் குறைந்தபோது படியில் தொற்றினேன். நடத்துநர் என்னைப் பார்க்கவில்லை, டம்ளரைப் பார்த்தார்.

பையோடு இறங்கி, டம்ளரைத் திருப்பிக் கொடுக்க அதே கடைக்கு நடந்து வந்தபோது ஒருவர் எனக்காகக் காத்திருந்தார். கனத்த உடம்பு, வெள்ளை வேட்டி, அக்குளில் கறுப்புக் குடை. பெயர் சாக்கோ. குமுளிக்கு மேலே மலைப் பக்கத்துக் கடைகளுக்குக் கம்பத்திலிருந்து ஜீப்பில் காய்கறி கொண்டுபோகிறவர். நான் ஓடியதை ஜீப்பில் பின்தொடர்ந்து பார்த்திருக்கிறார்.

"தம்பி, பந்து களிக்கத் தெரியுமா?"

"தெரியாதுண்ணே."

"நல்லது. பந்து களிக்கத் தெரிஞ்சவன் ஆறு பேர் என்கிட்ட உண்டு. ஓடத் தெரிஞ்சவன் ஒருத்தனும் இல்லா."

கேரளத்தில் ஏழு பேர் ஆடும் கால்பந்து ஒன்று உண்டு. அறுப்பு முடிந்த வயலில் கயிறு கட்டி, பாக்குமரத்தைப் பிளந்து பலகையடித்துப் பார்வையாளர் மேடை கட்டிவிடுவார்கள். டிக்கெட் போட்டு, ஜீப்பில் ஒலிபெருக்கி வைத்து ஊர் ஊராக விளம்பரம் போகும். ஆடுகிறவர்களுக்கு ஆட்டத்துக்கு இவ்வளவு என்று கூலி உண்டு. சாக்கோ அண்ணன் அப்படியொரு அணியை நடத்திவந்தார். இந்த ஆட்டத்தில் 'ஆஃப்சைடு' கிடையாது. அதாவது எதிரணித் தடுப்பாட்டக்காரர்களைத் தாண்டி முன்னால் போய் நின்றுகொண்டு பந்துக்குக் காத்திருக்கலாம். யாரும் கொடி தூக்க மாட்டார்கள். ஓடுவதைத் தவிர வேறொன்றும் அறியாத எனக்காகவே கண்டுபிடித்த ஆட்டம் போல இருந்தது. ஒரே மாதத்தில் ஒலிபெருக்கி என்னைத் 'தேனி ராக்கெட்' என்றது.

ஒரு தொல்லை மட்டும் இருந்தது. துப்பாக்கிச் சத்தத்துக்குப் பிறகு எதுவும் காதில் விழாதபடி வாத்தியார் என்னைப் பழக்கிவிட்டிருந்தார். முதல் ஆட்டத்தில் சாக்கோ அண்ணன் தொண்டை கிழியக் கத்தினார். ஒன்றும் கேட்கவில்லை. இரண்டாவது ஆட்டத்தில் ஆறு பேரும் கத்தினார்கள். அப்போதும் கேட்கவில்லை. மூன்றாவது ஆட்டத்துக்கு முன்பு அவர் ஒரு வழி கண்டுபிடித்தார்: குடை.

குடையை விரித்தால் ஓட வேண்டும். மடக்கினால் திரும்பி வர வேண்டும். விரித்த குடையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தால் இருந்த இடத்தில் நிற்க வேண்டும். ஏலக்காய் காயப்போடும் களத்துக்குப் பின்னால் ஒரு வாரம் இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தார். சுள்ளென்ற வெயிலில் அவர் குடையை விரிப்பார், நான் ஓடுவேன், மடக்குவார், வருவேன். அந்தக் களத்து நாயும் கூடவே ஓடும். இரண்டாம் நாளே நாய் கற்றுக்கொண்டுவிட்டது. எனக்கு ஐந்து நாள் ஆனது. நாய்க்கும் எனக்கும் வேறுபாடு என்னவென்றால், ஓடும்போது அது அவ்வப்போது குடையைத் திரும்பிப் பார்க்கும். எனக்கு அது வரவில்லை. வேகம் குறைந்த பிறகுதான் பார்ப்பேன்.

சாக்கோ அண்ணனின் சுபாவத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவர் யாரையும் திட்டி நான் கேட்டதில்லை. ஆட்டம் முடிந்ததும் அவித்த கப்பைக்கிழங்கும் காந்தாரி மிளகாய்த் துவையலும் வரும். எல்லோரும் வட்டமாக உட்காருவோம். தப்புச் செய்தவன் பக்கம் திரும்பி, "எந்தா பற்றியது?" என்பார். என்ன நடந்தது என்று அர்த்தம். அவன் தன் தப்பைத் தானே சொல்ல வேண்டும். அவர் கண்ணை மூடிக்கொண்டு கிழங்கு தின்றபடி கேட்பார். சொல்லி முடித்ததும் "ஆ" என்பார். எல்லாம் அந்த 'ஆ'வில் இருக்கிறது. குட்டையான 'ஆ' என்றால் அடுத்த ஆட்டத்தில் நீ உண்டு. நீளமான 'ஆ' என்றால் அடுத்த ஆட்டத்துக்கு நீ வெளியே. 'ஆ' வராமலே போய்விட்டால் அவர் மனம் உண்மையிலேயே நொந்துவிட்டது என்று அர்த்தம். பழைய ஆட்டக்காரர்கள் இதைச் சொன்னபோது, 'ஆ' வராமல் போனதைத் தாங்கள் பார்த்ததில்லை என்றார்கள்.

நடுவில் ஒரு வருடம் கடற்கரை நகரத்துப் பெரிய கிளப் ஒன்று என்னை எடுத்தது. பதினொரு பேர் ஆடும் உண்மையான தொழில்முறைக் கால்பந்து. ஒப்பந்தம், முத்திரை வைத்த தாள், இரண்டு ஜோடி பூட்ஸ் எல்லாம் உண்டு. ஆஃப்சைடும் உண்டு. அங்கேதான் வந்தது வினை. பந்து புறப்படும் முன்பே நான் புறப்பட்டுவிடுவேன். கோட்டோரம் ஓடும் நடுவர் கொடியைத் தூக்குவார். மறுபடி ஓடுவேன், மறுபடி தூக்குவார். ஒரு ஆட்டம் முடிந்து அவர் என்னிடம் வந்து, தனக்குத் தோள்பட்டையில் ஏற்கெனவே வலி உண்டு, கொஞ்சம் பார்த்து ஓடும்படி கேட்டுக்கொண்டார். அந்தக் கிளப்பின் பயிற்சியாளர் வெள்ளைப் பலகையில் காந்த வில்லைகளை ஒட்டித்தான் எல்லாவற்றையும் விளக்குவார். என் வில்லை முதலில் முன்வரிசையில் இருந்தது. பிறகு ஓரத்துக்குப் போனது. பிறகு பலகையின் சட்டத்துக்குப் போனது. சீசன் முடியும்போது அதன் அடியில் அலுவலக அறிவிப்பு ஒன்றைச் செருகியிருந்தார்கள். நான் குமுளிக்குத் திரும்பினேன். சாக்கோ அண்ணன் என்னைக் களத்துக்குக் கூட்டிப்போனார். குடையை விரித்தார், ஓடினேன்.

அதற்கடுத்த வருடம் எனக்குக் கல்யாணம் ஆனது. மனைவி முத்துலட்சுமிக்குச் சின்னமனூர்ப் பக்கம், திராட்சைத் தோட்டக்காரர் வீடு. பந்து விளையாடுவதற்கு யாராவது கூலி கொடுப்பார்களா என்று அவளுக்குச் சந்தேகம். நேரில் பார்த்தால்தான் நம்புவேன் என்றாள். ஒரு இறுதி ஆட்டத்துக்குக் கூட்டிப்போனேன். அவள் பார்த்த என் ஆட்டம் அது ஒன்றுதான். அது எவ்வளவு நல்லது, எவ்வளவு கெட்டது என்று இன்றுவரை எனக்குத் தீர்மானமாகத் தெரியவில்லை.

சாக்கோ அண்ணன் அணி நடத்தத் தொடங்கி முதன்முறையாக வந்த இறுதி ஆட்டம். காலையில் தேவாலயத்தில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு, வரும் வழியில் பிள்ளையாருக்கும் ஒரு தேங்காய் உடைத்தார். ஆட்டம் தொடங்கிக் கால் மணி நேரத்தில் கோடை மழை பிடித்துக்கொண்டது. மேடையில் இருந்த அத்தனை பேரும் குடையை விரித்தார்கள். வயலைச் சுற்றி நான்கு பக்கமும் விரித்த கறுப்புக் குடைகள். என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். பார்க்கிற திசையெல்லாம் ஓடு, ஓடு, ஓடு என்றது.

ஓடினேன். பாதி நேரம் பந்தே இல்லாமல் ஓடினேன். இடைவேளையில் சாக்கோ அண்ணன் என் தோளைப் பிடித்து, மேடையைப் பார்க்காதே, கொடிக்கம்பத்துக்குக் கீழே நிற்கும் ஒரே குடையை மட்டும் பார் என்றார். சரி என்றேன்.

முடிய மூன்று நிமிடம் இருந்தது. இரண்டு பக்கமும் கோல் இல்லை. எங்கள் கோல்காப்பாளர் பந்தைத் தூக்கி எறிந்தார். கொடிக்கம்பத்துக்குக் கீழே குடை விரிந்திருந்தது. பந்து என் முன்னால் விழுந்தது. தட்டிவிட்டேன். தடுப்பாட்டக்காரர்கள் இருவரும் சேற்றில் பின்தங்கினார்கள். எதிரணிக் காப்பாளர் முன்னேறி வந்து என் காலில் விழப் பார்த்தார். அவருக்கு இடப்பக்கமாகப் பந்தைத் தள்ளிவிட்டு, வலப்பக்கமாகச் சுற்றி ஓடினேன். இப்போது எதிரில் ஒருவரும் இல்லை. கோல் கோடு மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது.

அந்தக் கோடு கண்ணில் பட்டதும் எனக்குள் என்ன நடந்தது என்று பல வருடம் யோசித்திருக்கிறேன். புதிதாக ஒன்றும் நடக்கவில்லை. பண்ணைப்புரத்து மைதானத்தில் நடந்ததுதான் நடந்தது. கோடு தெரிந்தது, தலை குனிந்தது, நெஞ்சு முன்னால் போனது, இரண்டு கையும் பின்னால் போயின. மாநிலத் தங்கத்துக்கு எப்படிப் பாய்ந்தேனோ அப்படிப் பாய்ந்து கோட்டைக் கடந்தேன். கடந்த வேகத்தில் வலைக்குள் போய் விழுந்து கையை உயர்த்தினேன்.

நான் கோலுக்குள் இருந்தேன். பந்து இல்லை.

பந்து கோட்டுக்கு இரண்டு முழம் முன்னால், ஒரு சேற்றுக் குட்டையில் அசையாமல் உட்கார்ந்திருந்தது. நான் அதைத் தாண்டிப் போயிருக்கிறேன். எங்கள் ஆறு பேரும் "திரிச்சு வாடா, பந்து இவிடெ" என்று, திரும்பி வரச் சொல்லிக் கத்தியிருக்கிறார்கள். எழுந்திருக்கப் பார்த்தேன். பூட்ஸின் ஆணிகள் வலையில் சிக்கிக்கொண்டன. இழுக்க இழுக்க இன்னொரு காலும் சிக்கியது. எதிரணிக் காப்பாளர் நிதானமாக எழுந்து வந்தார், என்னை ஒருமுறை பார்த்தார், பந்தை ஓங்கி உதைத்தார். அந்தக் கோடியில் எங்கள் ஆறு பேரும் இன்னும் என்னைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார்கள். நான் வலைக்குள் படுத்தபடி, எங்களுக்கு எதிராக விழுந்த கோலை முழுதாகப் பார்த்தேன். மேடை முழுக்க "மீனே, மீனே" என்று சத்தம். அதன்பிறகு ஒலிபெருக்கி என்னை ராக்கெட் என்று சொன்னதே இல்லை.

அப்போதுதான் கொடிக்கம்பத்துப் பக்கம் பார்த்தேன். கொட்டுகிற மழையில் சாக்கோ அண்ணன் குடையை மடக்கிக் கையில் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார். வேட்டி, சட்டை எல்லாம் உடம்போடு ஒட்டியிருந்தன. பந்து குட்டையில் நின்ற நொடியிலேயே மடக்கியிருக்கிறார். நான் பார்ப்பேன், பார்ப்பேன் என்று மடக்கியபடியே நனைந்துகொண்டிருந்திருக்கிறார்.

என்னை வலையிலிருந்து எடுத்தது முத்துலட்சுமி. நடுவர் விசிலடித்து ஆட்டம் முடிந்த பிறகும் நான் வெளியே வராததால், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வயலில் இறங்கினாள். திராட்சைப் பந்தலின் பறவை வலையில் சிக்கும் அணிலை எடுத்துப் பழகிய கை. "ஆட்டாதீக, ஆட்டுனா இறுகும்" என்று என் காலில் ஒன்று போட்டுவிட்டு, ஒவ்வொரு கண்ணியாக விடுவித்தாள். மேடையில் கைதட்டினார்கள். அன்று அந்த மைதானத்தில் எங்கள் குடும்பத்துக்குக் கிடைத்த கைதட்டல் அது ஒன்றுதான்.

அன்றும் கப்பைக்கிழங்கு வந்தது. வட்டமாக உட்கார்ந்தோம். சாக்கோ அண்ணன் என் பக்கம் திரும்பவில்லை. "எந்தா பற்றியது?" என்று கேட்கவில்லை. நானாகவே தொடங்கினேன். கோட்டைப் பார்த்தேன் அண்ணே, பார்த்ததும் பாய்ந்துவிட்டேன் என்றேன். அவர் கையிலிருந்த கிழங்கைத் தட்டில் திரும்ப வைத்தார்.

"குடை மடக்கினேன், மோனே" என்றார்.

அவ்வளவுதான். 'ஆ' வரவில்லை.

அவர் என்னை வெளியே அனுப்பவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இன்னும் இரண்டு சீசன் ஆடினேன். ஆனால் எனக்காக அவர் குடையை விரிக்கவே இல்லை. பதிலாக, என் பின்னாலேயே ஓடி, நான் விட்டுவிட்டுப் போகும் பந்தை எடுத்துக் கோலுக்குள் தள்ளுவதற்கென்று ஒரு ஆளை நியமித்தார். அந்த ஆள் அந்த வருடம் அணியிலேயே அதிக கோல் போட்டான்.

அன்று குமுளி மலையிறங்கும் பேருந்தில் முத்துலட்சுமி சேலையில் ஒட்டிய சேற்றைச் சுரண்டிக்கொண்டே வந்தாள். அடிவாரத்து லோயர் கேம்ப் தாண்டியதும்தான், "ஏங்க, ஒரே ஒரு தடவ திரும்பிப் பாத்திருக்கலாம்ல?" என்றாள். அதன்பிறகு அதைப் பற்றிப் பேசவில்லை. பேசத் தேவையில்லாதபடி ஒரு வாக்கியத்தை உண்டாக்கிக்கொண்டாள். நான் பையில்லாமல் கடைக்குக் கிளம்பினால், "பந்து இங்கன கெடக்கு" என்பாள். கண்ணாடியை மறந்தால், குளிக்கத் துண்டில்லாமல் போனால், எல்லாவற்றுக்கும் அதே வாக்கியம். ஒருமுறை பெட்ரோல் பங்கில் அவள் ஏறும் முன்பே வண்டியைக் கிளப்பி, பின்சீட்டோடு பேசியபடி வீரபாண்டி வரை போய்விட்டேன். திரும்பி வந்தபோது அவள் பங்கு வாசலில் நின்று, தன்னைத் தானே சுட்டிக்காட்டி அதைச் சொன்னாள்.

கால்பந்தை விட்ட பிறகு உடற்கல்வி படித்து ஒரு தனியார் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தேன். போன வருடம் முழங்காலுக்காக விருப்ப ஓய்வு வாங்கினேன். அத்தனை வருடத்தில் ஒரு பிள்ளைக்குக்கூட நான் கால்பந்து கற்றுக்கொடுக்கவில்லை. ஓட்டம் மட்டும்தான். ஓட்டத்தில் இரண்டு பக்கமும் வெள்ளைக் கோடு உண்டு. உன் பாதை உனக்கு, அவன் பாதை அவனுக்கு. யாரும் இடிக்க முடியாது. யாரையும் கைவிடவும் முடியாது. உன்னைக் கெடுத்துக்கொள்ள உன்னால் மட்டும்தான் முடியும். ஹரிணி நடக்கத் தொடங்கியபோதே அவளை அந்தக் கோடுகளுக்குள் விட்டேன்.

அவள் இரண்டு வருடமாகக் கால்பந்தும் ஆடிவருகிறாள் என்பது எனக்கு இரண்டு வாரத்துக்கு முன்புதான் தெரியும். சிறப்பு வகுப்பு என்று போனதெல்லாம் அதற்குத்தான். முத்துலட்சுமிக்கு முதலிலிருந்தே தெரியும். அந்த ஞாயிற்றுக்கிழமை, கம்பம் வரை போய்விட்டு வரலாம் என்று என்னைக் கூட்டிப்போனாள். ஏதோ விசேஷம் என்று வேட்டி கட்டிக்கொண்டு போனேன். மைதானத்தில் உட்காரவைத்தாள். ஏழாம் எண் சட்டையில் என் மகள் நின்றுகொண்டிருந்தாள்.

சாரல் பிடித்திருந்தது. தரை ஈரம். இரண்டாம் பாதியில் ஹரிணிக்குப் பந்து வந்தது. ஓடினாள். அந்த ஓட்டம் என்னுடையது, எனக்குத் தெரியாதா? தடுப்பாட்டக்காரிகள் பின்தங்கினார்கள். பந்தைத் தள்ளிவிட்டு ஓடினாள். பந்து சேற்றில் நின்றது. அவள் நிற்கவில்லை. ஒரு எட்டு தாண்டினாள், இரண்டாவது எட்டும் தாண்டினாள். எனக்குச் சிமெண்டுப் படியில் உட்கார முடியவில்லை. இருபது வருடத்துக்கு முந்தைய மழை என் சட்டைக்குள் இறங்கியது.

மூன்றாவது எட்டில் அவள் திரும்பிப் பார்த்தாள்.

பார்த்தாள், ஒற்றைக் காலில் சுழன்றாள், திரும்பி வந்து நுனிக்காலால் பந்தைத் தட்டினாள். பந்து உள்ளே போனது. அதே நொடியில் காப்பாளரின் முழங்கால் அவள்மேல் மோதியது. விழுந்தாள். எழவில்லை.

நான் ஓட்டக்காரன், எண்ணித்தான் பழக்கம். ஐந்து எண்ணினேன். பத்து எண்ணினேன். பதினொன்றில் நான் மைதானத்துக்குள் இருந்தேன். ஓய்வு வாங்கின முழங்காலோடு, வேட்டியோடு ஓடினேன். எதுவும் காதில் விழவில்லை. அவள் கிடந்த இடம் மட்டும் தெரிந்தது. அருகில் போனதும் நிற்கப் பார்த்தேன். ஈரப்புல், முழங்கால் கேட்கவில்லை. மகளைத் தாண்டி வழுக்கிக்கொண்டே போய்க் கோல் கம்பத்தடியில் விழுந்தேன்.

ஹரிணி கண்ணைத் திறந்தாள். புருவத்திலிருந்து ரத்தம் வழிந்தது.

"எங்கப்பா போறீக?" என்றாள்.

பின்னாலேயே வந்த முத்துலட்சுமி நடந்துதான் வந்தாள். சரியாக மகள் பக்கத்தில் நின்றாள். என்னைப் பார்த்து மகளைச் சுட்டிக்காட்டினாள், அவ்வளவுதான்.

புருவத்தில் மூன்று தையல். வேறொன்றும் இல்லை, மோதிய வேகத்தில் மூச்சு அடைத்துக்கொண்டதுதான் என்றார் மருத்துவர். அவளுக்கு மறுநாளே சரியாகிவிட்டது. எனக்குத்தான் அந்தப் பதினொன்று இன்னும் எண்ணி முடியவில்லை. டீ டம்ளர் கையில் ஆடுகிறது. அந்த ஆட்டத்தைப் பார்க்க வந்திருந்த கிளப்காரர்கள் போன சனிக்கிழமை படிவத்தை அனுப்பிவைத்தார்கள். நான் அதை என் பழைய சான்றிதழ்க் கோப்புக்குள் வைத்து, கோப்பைப் பீரோவுக்குள் வைத்தேன். முத்துலட்சுமி எடுத்து மேசைமேல் வைத்தாள். மறுபடி வைத்தேன், மறுபடி எடுத்தாள்.

நேற்று சாப்பாட்டு நேரத்தில் என் பக்க நியாயத்தைச் சொன்னேன். ஓட்டம் என்றால் கல்லூரியில் இடம், அப்புறம் அரசு வேலை. கால்பந்து என்றால் முழங்கால், மண்டை, முன்பின் தெரியாத ஊர். ஹரிணி தட்டைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். முத்துலட்சுமிதான் பதில் சொன்னாள்.

"அவளுக்கு அடிபட்டதுக்கா பயப்படுறீக? ஒங்களுக்கு நடந்தது அவளுக்கும் நடந்துருமோன்னுல்ல பயப்படுறீக."

எழுந்து வாசலுக்குப் போய்ச் சாக்கோ அண்ணனுக்குப் போன் செய்தேன். அவருக்கு எண்பதை ஒட்டிய வயது. காது மந்தம். எல்லாவற்றையும் இரண்டு இரண்டு தடவை சொன்னேன். மகள் ஆடியதை, சேற்றில் பந்து நின்றதை, தையல் போட்டதை, படிவத்தை. அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது. கண்ணை மூடியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

"அவ திரும்பிப் பாத்தாளா?" என்றார்.

"பாத்தாண்ணே."

"அவளுக்கு யாரும் குடை பிடிச்சாங்களா?"

"இல்லண்ணே. அவளாத்தான் பாத்தா."

"பின்னே எதுக்குடா என்னை விளிக்கிறே?" என்றார். பிறகு குட்டையாக, "ஆ" என்றார். போனை வைத்துவிட்டார்.

இதுவரை எழுதியதைப் படித்துப் பார்த்தேன். எழுதவேண்டியது மேலும் ஒன்றும் இருப்பதாகத் தெரியவில்லை. தாள்களை எடுத்துவிட்டேன், அடியிலிருந்து படிவம் வெளியே வந்தது. வெள்ளிக்கிழமை வரை எதற்கு என்று ஹரிணியைக் கூப்பிட்டு, பேனாவைத் திறந்தேன். கை ஆடியது. ஆடி முடிப்பதற்குள் போட்டுவிடலாம் என்று ஒரே மூச்சில் போட்டேன். பெற்றோர் கையொப்பத்துக்கென்று ஒரு கட்டம் இருந்தது. என் பெயர் அந்தக் கட்டத்தில் முதலெழுத்தை மட்டும் வைத்துவிட்டுக் கோட்டைத் தாண்டி, பக்கத்தில் இருந்த 'அலுவலக உபயோகத்துக்கு மட்டும்' என்ற கட்டத்துக்குள் போய் நின்றது.

ஹரிணி படிவத்தைப் பார்த்தாள். அவள் அம்மா சமையலறை வாசலிலிருந்து எட்டிப் பார்த்தாள். இரண்டு பேரும் சிரிக்கவில்லை. எனக்காக அடக்கிக்கொண்டார்கள் என்று நினைக்கிறேன். தையல் பிரித்த புருவத்தைத் தூக்கிக்கொண்டு, மகள் முதல் கட்டத்தில் விரலை வைத்தாள்.

"பந்து இங்கன கெடக்குப்பா" என்றாள்.

திரும்பி வந்து போட்டேன்.